ஒற்றைக் கம்பியில் ஒரு ஸ்பாஞ்ச் கேக்

ஸ்பாஞ்ச் கேக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சாப்பிடத் தெரியும், அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் விவசாயக் கண்காட்சிக் கமிட்டிக்காரர்கள் நீங்கள் எல்லோரும், நான் ஏதோ கேக் குலத்துக்கே எதிரி என்பதுபோல என்னைப் பார்க்கிறீர்கள். டீயோடு வழக்கமாக வரும் கேக் துண்டு இன்று வரவில்லை. கவனித்தேன். பரவாயில்லை.

நான் இரும்பு கடையும் லேத்தின் பிரியன். ரயில்வே பட்டறையை மூடியபோது அங்கிருந்த பழைய லேத்தை வாங்கிவந்தேன். அதைக் கொட்டகைக்குள் நுழைக்க ஒரு பக்கத்துத் தகரச் சுவரையே கழற்ற வேண்டியிருந்தது. உள்ளே நிறுத்தி, சுவரைத் திரும்ப மாட்டி, ஒரு பீரும் குடித்த பிறகுதான் மோட்டாரில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தேன். த்ரீ ஃபேஸ். மூன்று கம்பிக் கரண்ட் இருந்தால்தான் ஓடும்.

எங்கள் பக்கத்துக் கோதுமைக் காட்டுக்கு வருவதோ ஒற்றைக் கம்பி. மின்சாரம் கம்பியில் வரும், மண் வழியாகத் திரும்பிப் போகும். கோடையில் மண் காய்ந்துபோனால் எர்த் கம்பியின் அடியில் தண்ணீர் ஊற்றுவோம். பக்கத்துப் பண்ணை வில்ஃப், பீர் குடித்த நாட்களில், வாளி தேடிப் போகமாட்டான். அவன் அங்கே போய் நின்றுவிட்டு வந்தால் என் வீட்டு பல்ப் கொஞ்சம் பிரகாசமாகும்.

மூன்று கம்பி கேட்டேன். அடிலெய்டிலிருந்து வந்த என்ஜினீயர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, "ஐயா, மூணு கம்பி உங்ககிட்ட வராது. நீங்கதான் அதுகிட்ட போகணும்" என்றார்.

அதனால் வேறு வழி பார்த்தேன். பெரிய த்ரீ ஃபேஸ் மோட்டார் ஒன்றைப் பழைய இரும்புக் குவியலிலிருந்து எடுத்தேன். நம்மிடம் உள்ள சிங்கிள் ஃபேஸை அதற்குக் கொடுத்தால் அது முனகும், சுற்றாது. புல்லியில் கயிற்றைச் சுற்றி ஓர் இழுப்பு இழுத்து ஓடவிட்டு, அப்புறம் கரண்ட் கொடுத்தால் நிற்காமல் சுற்றும். சுற்றுகிற சுற்றில், இல்லாத ஃபேஸை அதுவே உண்டாக்கும். அதை லேத்துக்குக் கொடுத்தால் லேத்துக்கு வித்தியாசம் தெரியாது. லேத்தை ஏமாற்றுவது குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு குறை. நான் கயிற்றை இழுத்தால் கம்பி முழுக்க வோல்டேஜ் இறங்கிவிடும். கம்பியில் இருப்பது நாங்கள் இரண்டு வீடு. என் மனைவி மெர்ல் சமைப்பது விறகு அடுப்பில். வில்ஃபின் மனைவி டல்சிக்கோ கரண்ட் ஓவன். முதல் தடவை நான் லேத்தை ஓட்டிய அன்றே போன் வந்தது.

"ஏய் கிளாரி, உன் கொட்டகையில என்ன, யானை வளக்குறியா? என் கேக் எழுந்துச்சு, சுத்திப் பாத்துச்சு, திரும்பப் படுத்துருச்சு."

அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு. கயிற்றைத் தொடுவதற்கு முன் நான் போன் செய்து கேட்க வேண்டும். "டல்சி, இழுக்கட்டுமா?" என்பேன். "இழு கிழவா, இழுத்து நெஞ்சு வலி வந்தா மெர்ல்கிட்ட சொல்லிட்டுப் படு" என்பாள். ஓவனில் ஏதாவது இருந்தால், "இரு, நானே கூப்பிடுறேன்" என்பாள். நானும் காத்திருப்பேன். ஒரே கம்பியில் குடியிருப்பவர்களுக்குள் இப்படி ஒரு நாணயம் உண்டு. போனில் சொன்னால் சொன்னதுதான்.

இனி மெர்ல். கண்காட்சிப் போட்டியில் ஸ்பாஞ்சுக்கு டல்சி முதல், மெர்ல் இரண்டாவது. வருஷா வருஷம் அப்படித்தான் என்பது உங்களுக்கே தெரியும், பரிசு அட்டையை வைத்தவர்கள் நீங்கள்தானே. மெர்ல் அதற்காக வருத்தப்பட்டதே இல்லை. அந்த வருத்தத்தை அவள் எவ்வளவு ஆழமாக ஒளித்துவைத்திருந்தாள் என்பதற்கு இதுவே சாட்சி. கணவன் என்பவன் இதையெல்லாம் கேட்காமலே புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கண்காட்சிக்கு முந்தின நாள் காலையில் போன் செய்தேன்.

"இழுத்துறாதே கிளாரி. இப்பதான் உள்ள வைக்கிறேன்."

"நீ நிம்மதியா இரு. நான் டீ குடிக்கப் போறேன்" என்றேன்.

கயிற்றை இழுத்தேன். என் தொடை பருமனில் ஒரு இரும்புத் தண்டை லேத்தில் மாட்டி, ஆழமாகக் கடைந்தேன். எவ்வளவு ஆழமாகக் கடைகிறோமோ அவ்வளவு கரண்ட் இழுக்கும். கேக் வேகும் நேரம் முடிந்தபோது என் கையில் பென்சில் கனத்தில் ஒரு கம்பி இருந்தது. பென்சிலாகவும் அது உதவவில்லை.

மெர்லுக்கு முதல் பரிசு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. "டல்சி அழுதா" என்று மட்டும் சொன்னாள். மகிழ்ச்சியில் வாயடைத்துப்போவதை அப்போதுதான் நேரில் பார்த்தேன்.

அடுத்த வருஷமும் கடைந்தேன். அதற்குப் பிறகுதான் வில்ஃப் கொட்டகைக்கு வந்தான். பேச்சு எப்போதும் சத்தமாக இருக்கும். அன்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினான்.

"கேக்குல முட்டை போட்டேனா இல்லையான்னே ஞாபகம் இல்லைங்கிறாடா. அவ அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. காரை எடுக்கவே பயப்படுறா."

"வயசாகுதுல்ல" என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா.

"இன்னொரு தடவை செஞ்சு பாக்கறேங்கிறா. எழுந்தா இங்கயே இருப்போம். இல்லன்னா பண்ணையை வித்துட்டு, டாக்டர் பக்கத்துல இருக்கட்டும்னு டவுனுக்குப் போறதுதான். அவ இங்க பொறந்தவடா, கிளாரி. அந்த வீட்லயே."

டல்சி அப்படிச் செய்து பார்த்த அன்று காலையில் நான் லேத்தின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் நினைப்பதுபோல நான் கல்நெஞ்சன் இல்லை. எல்லாப் பக்கமும் யோசித்தேன். டவுனில் ரோட்டோரமாகவே மூன்று கம்பி போகிறது. ஆஸ்பத்திரி பக்கம். டல்சிக்கு எது நல்லது என்று பார்த்தேன். போன் செய்தேன்.

"உள்ள வச்சுட்டேன் கிளாரி" என்றாள். கேலி எதுவும் இல்லை. "இன்னைக்கு மட்டும் தயவுசெஞ்சு இழுக்காதே."

"கயித்தையே தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, இழுத்தேன். அந்தத் தண்டு கொஞ்சம் நீளம்.

பண்ணையை விற்றார்கள். சாமான் ஏற்ற நானும் போனேன். ஓவனின் ஒரு முனையைப் பிடித்தவன் நான்தான்.

இந்த வருஷம் டவுன் வாடகை வீட்டிலிருந்து டல்சி கொண்டுவந்த ஸ்பாஞ்சை எல்லோரும் பார்த்தீர்கள். தொப்பி மாதிரி எழுந்து நின்றது. அதே ஓவன். கமிட்டியில் யாரும் யோசிக்கவில்லை. மெர்ல்தான் மேஜைக்கு எதிரே நின்றபடி என்னிடம் சொன்னாள்: "அதே கை, அதே தலை, அதே ஓவன். மாறினது கரண்ட் மட்டும்தான், இல்ல?" வீட்டுக்கு வந்ததும் கொட்டகைக்குப் பின்னால் மலைபோலக் கிடந்த, லேத்தில் கடைந்து தள்ளிய இரும்புச் சுருளைப் போய்ப் பார்த்தாள். பிறகு உங்களுக்குப் போன் செய்தாள்.

ஆக, நான்தான் இழுத்தேன். மூன்று தடவையும், வேண்டுமென்றே, வாக்குக் கொடுத்துவிட்டு. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாம் மெர்லுக்காகத்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவளிடமே கேட்கலாம். இப்போது டவுனில் டல்சி வீட்டில்தான் இருக்கிறாள், கண்காட்சிக்கு மறுநாள் போனவள். நல்ல கரண்டில் கேக் சுட்டுப் பழகட்டும் என்று நானும் கூப்பிடவில்லை. பீரோவில் இருந்த துணிமணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மாவு வேலை, மேலெல்லாம் தெறிக்கும்.