அம்மன் அண்டாவில் லாரி வெந்த கதை

வணக்கம் ஐயா! வணக்கம் அம்மா! தம்பி தங்கச்சிகளே, எல்லாரும் சுகந்தானே? பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விட்டதா? கடைசி வரிசைக்குக் கூழ் வந்ததா? வராதவர்கள் கையைத் தூக்குங்கள், நான் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன். முதலில் வயிறு, பிறகுதான் இந்த மாயாண்டி.

ஒரு காலுக்குக் கம்பி கட்டிய நாற்காலி என்றாலும் அதிலும் கம்பீரமாக வீற்றிருக்கும் தலைவர், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி ஐயா அவர்களே! ஆத்தாளுக்கு விளக்கேற்றி ஏற்றி, அந்தத் திரியைப் போலவே மெலிந்துபோன பூசாரி இராஜமாணிக்கம் ஐயா அவர்களே! ரப்பர்ப் பால்மரம் சீவிச் சீவிக் காய்த்துப்போன கைகளோடு வந்திருக்கும் பெரியோர்களே! அரிசி முகம் மறந்துபோன இந்த ஆடி மாதத்திலும் பிள்ளைக்குப் பூ முடித்துப் பொட்டு வைத்துக் கூட்டி வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருக்கும் என் தம்பி ஆம்புரோஸ் அவர்களே! அந்த இரண்டு காலையும் எல்லாரும் ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். என் பேச்சே அவற்றைப் பற்றித்தான்.

நன்றி சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார் தலைவர். படித்தவர்கள் ஆளுக்கு ஆள் பின்வாங்கினார்கள். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத லாரிக்காரன் நான் முன்னால் வந்து மாட்டிக்கொண்டேன். நீங்களும் மாட்டிக்கொண்டீர்கள்.

ஐயா, நம் லாபு தோட்டத்து லாரியை உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் அது பெட்ரோல் குடித்தது. ஜப்பான்காரன் வந்தான், பெட்ரோல் போனது. முதுகில் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடப் பழகியது. பிறகு என்ஜின் எண்ணெயும் போனது. முள்ளுத்தேங்காய், அதுதான் செம்பனைப் பழம், அதைப் பிழிந்த சிவப்பு எண்ணெயை ஊற்றினேன். அதையும் குடித்தது! சொன்னதைக் கேட்டு, கொடுத்ததைத் தின்று, உதைத்தால் ஓடுகிற ஜீவன்… யாரது அங்கே, "உங்கள மாதிரியேதான்"னு சொல்றது? பஞ்சாலையா? இரு ஆயி, வீட்டுக்கு வந்து உன் புருசன்கிட்ட பேசிக்கிறேன்.

எண்ணெயும் கரிப்புகையும் உள்ளே சேர்ந்து வெந்தால் என்ன ஆகும்? பிசின் ஆகும். பலாப்பழப் பாலைக் காய்ச்சி ஊற்றியது போல வால்வுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டன. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. லாரி படுத்துவிட்டது.

எந்த நேரத்தில் படுத்தது? தம்பி ஆம்புரோஸ் அரிசிக்குப் பதில் நாம் தின்கிற உபிக்கு, அந்த மரவள்ளிக்கிழங்குக்கு, பாத்தி வெட்டும்போது மண்வெட்டி முழங்காலுக்குக் கீழே பாய்ந்து, அந்தப் புண் புரையோடி, காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்த நேரத்தில்! தோட்டத்துக்கு மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் தங்கராஜு வந்து பார்த்தார். "எங்கிட்ட இருக்கிறது வெறும் உப்புத்தண்ணி. செரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இல்லாட்டி மொதல்ல காலு போகும், அப்புறம் ஆளு போகும்" என்றார். எதில் கொண்டுபோவது? ரயிலில் பட்டாளத்துக்குத்தான் இடம். வண்டியில் என்றால், மாடுகளைப் பட்டாளம் தின்றுவிட்டது. இருந்தது ஒரே ஒரு லாரி. அதன் நெஞ்சில் பிசின்.

என்னவெல்லாம் செய்தேன்! மணலைப் போட்டுத் தேய்த்தேன். கை தேய்ந்தது, பிசின் தேயவில்லை. ரப்பர்ப் பால் உறைய ஊற்றும் ஆசிட்டில் ஒரு வால்வை ஊறவைத்தேன். துரு வந்தது, பிசுக்கு போகவில்லை. நீலாய்க்கு நடந்துபோய் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கேட்டேன். கடைக்காரன் இரண்டு முட்டைக்கோழி கேட்டான். கொடுத்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால் பாதி தண்ணீர்! அந்தக் கோழிகள் இருக்கின்றனவே, அவை எங்கள் வீட்டுக்கு வந்த கதையே தனிக் கதை. என் மச்சான்… சரி சரி, தலைவர் மணியைத் தொடுகிறார். கோழி போகட்டும்.

நான் லாரி அடியில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருக்கிறேன். லயத்து வீடுகளின் துணியெல்லாம் வெளுத்துக் கொடுக்கிற நம் செல்லம் மூட்டையோடு வந்து நின்றது.

"என்னண்ணே, லாரிக்குச் சொறியா? இந்தச் சொறி சொறியிறீங்க?"

"போ ஆயி, எரிச்சலக் கெளப்பாத. எண்ணெய்ப் பிசுக்கு விட மாட்டேங்குது."

"எந்த எண்ணெய்? முள்ளுத்தேங்காய் எண்ணெயா? அடப் போங்கண்ணே! எஞ்சட்டியும் அதே எண்ணெயிலதான் பிசுக்குப் புடிக்குது. நான் என்ன கோழி கொடுத்தா கழுவுறேன்? சாம்பத் தண்ணிய வெச்சுக் காச்சுறேன், பாம்புச் சட்ட மாதிரி உரிஞ்சு வருது."

கேட்டீர்களா தாய்மார்களே? நான் கடையைத் தேடினேன். மருந்து அடுப்படியில் இருந்தது!

ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைவீட்டில் ரப்பர் கட்டைச் சாம்பல் மலையாகக் கிடந்தது. ஓட்டை போட்ட தகரத்தில் தேங்காய் நாரைப் பரப்பி, சாம்பலைக் கொட்டி, மழைத் தண்ணீரை மெல்ல ஊற்றினோம். சொட்டுச் சொட்டாகத் தேயிலைச் சாயம்போல இறங்கியது. அதையே எடுத்து மறுபடி ஊற்றினோம். கோழி இறகைப் போட்டால் இறகு கரைய வேண்டும், அதுதான் பதம் என்றது செல்லம். "கைய விட்றாதீங்கண்ணே, தோலு கழண்டுரும்" என்றது. அது சொல்வதற்குள் நான் விரலை விட்டிருந்தேன். இதோ, தழும்பு.

தண்ணீர் தயார். எதில் காய்ச்சுவது? இரும்பும் செம்பும் வேண்டும் என்று பெரிய பாத்திரத்தையெல்லாம் பட்டாளம் அள்ளிப்போனது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. ஆத்தாளுக்குக் கூழ் காய்ச்சும் அண்டா. அதைப் பூசாரி ஐயா கோயிலுக்குப் பின்னால் மண்ணுக்குள் ஒளித்து வைத்திருந்தார். எடுத்தது தெரிந்தால் அண்டாவும் போகும், பூசாரியும் போவார். அதுமட்டுமா? அம்மன் பாத்திரத்தில் லாரி அழுக்கைக் காய்ச்சலாமா? நான் கேட்கவில்லை.

கேட்டது ஆம்புரோஸ் பெண்சாதி விக்டோரியா. கோயில் படிக்குக் கீழேயே நின்றது. "பூசாரி ஐயா, நான் கும்புடுற சாமி வேற. இங்க வந்து கேக்க எனக்கு வாயில்ல. ஆனா வேற அண்டாவும் இல்லையே ஐயா" என்றது.

பூசாரி ஐயா ஆத்தாளைப் பார்த்தார். படிக்குக் கீழே நின்ற விக்டோரியாவைப் பார்த்தார். "ஆத்தாளுக்குக் கூழ் ஊத்துறது எதுக்கும்மா? ஊருல நோய் நொடி நிக்கக் கூடாதுன்னுதான? மாயாண்டி, எட்றா மம்பட்டிய. எவனாச்சும் கேட்டா, பூசாரி தோண்டுனான்னு சொல்லு" என்றார்.

கைதட்டுங்கள் ஐயா, அதற்குத் தட்டாமல் எதற்குத் தட்டப் போகிறீர்கள்!

அண்டா கொதித்தது. வால்வுகள் வெந்தன. காட்டுப்பன்றி செத்து நாறுவது போல நாற்றம். அந்த நாற்றம் பிடித்து ஒரு ஜப்பான் சோல்ஜர் வந்தான். எட்டிப் பார்த்தான். கறுப்புத் தண்ணீர், லாரி இரும்பு. மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டான்! அன்றிலிருந்து அவர்கள் கண்ணுக்கு அது லாரிக்காரன் சட்டி. மண்ணுக்குள் இருந்த அண்டா வெளியே வந்தது. இன்று நீங்கள் குடித்த கூழும் அதில்தான். முகம் சுளிக்காதீர்கள் தாய்மார்களே, புளி போட்டு ஏழு தடவை விளக்கியாயிற்று!

வால்வுகளை வெளியே எடுத்தால் புது வெள்ளிக் காசு போல மின்னின. சுடுதண்ணீரில் அலசி, நெருப்பில் காட்டி, துரு ஏறாமல் தேங்காய் எண்ணெய் தடவி மாட்டினேன். லாரி இருமியது, தும்மியது, எழுந்தது! ஆம்புரோஸ் செரம்பான் போய்ச் சேர்ந்தான். கால் தங்கியது.

கதை முடிந்ததா? இல்லை. திரும்பி வந்தால் பூசாரி ஐயா அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு கத்துகிறார். "மாயாண்டி! இங்க வந்து பாருடா, அண்டா நுரைக்குது!" சாம்பல் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஆறி, கறுப்புக் களிபோல நின்றிருந்தது. செல்லம் ஒரு விரல் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தது. "ஐயா, இது சபூன்!"

சவர்க்காரம் ஐயா, சவர்க்காரம்! கண்ணால் கண்டு எத்தனை நாள் ஆகியிருந்தது? அதற்கப்புறம் சுத்தமான எண்ணெயில், சுத்தமான சாம்பல் தண்ணீரில் அதையே காய்ச்சினோம். எந்த வீட்டுப் பிள்ளை குளிக்கவில்லை? எந்தப் பிள்ளையின் சொறி ஆறவில்லை? லாரியின் அழுக்கைக் கழுவப் போனோம், ஊரின் அழுக்கே கழுவப்பட்டது!

யாருக்கு நன்றி சொல்வேன்? வாய்க்கு வாய் கிண்டல் பேசி வழியும் காட்டிய செல்லத்துக்கா? படிக்குக் கீழே நின்று கேட்ட விக்டோரியாவுக்கா? எங்கே ஆம்புரோஸ்? இப்போதுதானே இங்கே உட்கார்ந்திருந்தான்? யாரோ வந்து காதில் சொன்னார்கள், அப்புறம் காணோம். கூழ் வாங்கப் போயிருப்பான், போகட்டும்.

தலைவர் அவர்களே, மணியை அடிக்காதீர்கள், முடித்துவிட்டேன். தன் உயிரைப் பணயம் வைத்து மண்ணைத் தோண்டச் சொன்னாரே, அந்தப் பூசாரி ஐயாவின் கைகள் இரண்டையும் இந்த மேடையில், உங்கள் எல்லார் முன்னாலும் பிடித்துக் கும்பிட்டு…

"மாயாண்டியண்ணே! அண்ணே!"

யாரது? ஆம்புரோஸா?

"கடைசி லயத்து நம்ம லெட்சுமிக்குப் பிரசவ வலி எடுத்திருச்சுண்ணே! புள்ள குறுக்க நிக்குதாம், செரம்பான் போகணும்னு டிரஸ்ஸர் சொல்றாரு. லாரி அடுப்ப நான் பத்த வெச்சிட்டு ஓடியாறேன், சீக்கிரம் வாங்கலா!"

ஓடியா வந்தாய்? அந்தக் காலோடா? பார்த்தீர்களா ஊராரே, ஓடி வந்திருக்கிறான்! தலைவர் அவர்களே, தாய்மார்களே, வணக்கம், நன்றி, இந்த மாலையை யாராவது பிடியுங்கள். பூசாரி ஐயா, கையை நீட்டியபடியே இருங்கள், வந்து கும்பிட்டுக்கொள்கிறேன். வரேன்டா தம்பி, வரேன்! ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், என் நன்றி எல்லாம் அந்த…