நாற்பத்திரண்டு பேர் எழுதிய தேர்வு

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படும் அதிமுக்கியச் செய்தி என்னவென்றால், நேர்முகத் தேர்வுக்கு வந்த யாரையும் நான் காபி கொடுக்காமல் கேள்வி கேட்டதில்லை. விசாரணைக் குழுவினர் மூவரும் இதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பல அலுவலகங்களில் தண்ணீர்கூடக் கண்ணில் காட்டுவதில்லை.

மூன்று வருடமாக என் குழுவில் ஓர் இடம் காலி. நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் மடிக்கணினியில் நிரலைத் திறந்துவைத்து, "இதுல ஒரு தப்பு இருக்கு, கண்டுபிடிச்சு சரிபண்ணுங்க" என்பேன். மருந்துக்கடைகளுக்கு நாங்கள் விற்கும் மென்பொருளில் அந்த வாரம் எது மக்கர் செய்ததோ, அதுதான் கேள்வி. கற்பனைக் கணக்கு கொடுத்து அடுத்தவர் நேரத்தை வீணடிப்பது எனக்குப் பிடிக்காது. அவர்கள் திருத்துவார்கள். நான் கைகுலுக்குவேன். மறுநாள் மென்பொருள் ஓடும். அவர்களுக்கு வருத்தக் கடிதம் போகும்.

நாற்பத்திரண்டாவதாக வந்தவர், மகள் பிறந்து ஆறு வருடம் வீட்டில் இருந்தவர்.

"இதுவும் கிடைக்கலைன்னா சமையலறையை என் பேருக்கே எழுதிக் குடுத்துடறேன்னு நாத்தனார் சொல்லியிருக்காங்க சார்" என்று சிரித்தார். திரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இது பரீட்சைக் கேள்வி மாதிரி இல்லையே சார். 'தலைபோற அவசரம், திங்கக்கிழமைக்குள்ள வேணும்'னு யாரோ குறிப்பு எழுதியிருக்காங்க."

"நிஜம் மாதிரி இருக்கட்டுமேன்னு நான்தாம்மா எழுதினேன்."

அது முழுப் பொய்யில்லை. எழுதியது நான்தான்.

என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இருபது நிமிடத்தில் திருத்தினார். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"எங்க தெரு மருந்துக்கடையில பார்த்தேன் சார். காலாவதியான மருந்துக்கு பில் போட்டா, 'தயவுசெய்து தேதியைப் பாருங்கள்'னு வருது. அந்த 'தயவுசெய்து'கூட நான் போட்டதுதான். அப்புறம் ஏன் சார் என்னை வேண்டாம்னீங்க?"

குரலில் கோபமே இல்லை. கத்துகிறவர்களை ஊர் நம்பாது. நிதானமாகப் பேசுகிறவர்கள் விஷயம் வேறு. ஆகவே மற்ற நிறுவனங்களில் ஆள் எடுக்கும் நண்பர்கள் பதினேழு பேருக்கு அவர் பெயரோடு ஒரு வரி அனுப்பினேன்: 'விடைகளைத் திருடுகிறவர், ஜாக்கிரதை.' இந்தத் தொழிலில் நேர்மை முக்கியம்.

அதன்பின் ஒரு நிறுவனமும் அவரைக் கூப்பிடவில்லை, அவரும் விண்ணப்பிப்பதையே விட்டுவிட்டார் என்று உங்கள் கோப்பு சொல்கிறது. குழந்தைக்கு நல்லதுதான்.

நாற்பத்திரண்டு பேரில் ஒருவரையாவது எடுத்துத் தொலைத்திருக்கலாமே என்கிறீர்கள். எடுத்தால் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். உட்காருகிறவர் நாள் முழுக்க என் திரையைப் பார்ப்பார். பன்னிரண்டு வருடமாகத் தொழில்நுட்பத் தலைவராக இருக்கிற ஆளின் திரையைப் பார்த்தால்தான் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது.