சத்தமே இல்லண்ணே

கம்ப்யூட்டர் சூடாவதற்குப் பாதிக் காரணம் நாம் அதை வைக்கிற இடம்தான். இதை வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஆசை ஆசையாய் வாங்கி வருவார்கள். வந்ததும் அரிசி மூட்டைக்கும் பீரோவுக்கும் நடுவில் சொருகி, மேலே பூப்போட்ட துணியைப் போர்த்திவிடுவார்கள். அப்புறம் கடைக்குத் தூக்கி வந்து, “என்னண்ணே இது, மில்லு மாதிரி கத்துது” என்பார்கள். சித்திரை வெயிலில் போர்வை போர்த்தி உட்காரவைத்தால் நீங்களும் நானும்கூடத்தான் கத்துவோம்.

மேடம், உங்களுக்கு அவசரம் என்று தெரிகிறது. ஆனால் சூட்டையும் சத்தத்தையும் சொல்லாமல் மீதியை மட்டும் சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். பொன்னமராவதியில் ரெங்கராஜ் கடை என்று யாரைக் கேட்டாலும் கைகாட்டுவார்கள். வேலை சுத்தம், பேச்சு சுத்தம் என்று பெயர் எடுத்தவன். பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்குக்கூட என்னைத்தான் நம்பிக் கூப்பிடுவார்கள்.

சிவரஞ்சனி வீடும் அப்படித்தான். ஊரைத் தாண்டி வயல் ஓரத்தில் புதிதாகக் கட்டிய வீடு. புருஷன் ரகுநாத் துபாயில். வீட்டில் இவளும் மாமியார் அழகம்மாளும் மட்டும். சிவரஞ்சனி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுப்பாள். கம்ப்யூட்டர், கேமரா, மைக் எல்லாம் நான் பூட்டிக்கொடுத்ததுதான். அவளைத் தங்கச்சி என்பேன். அவள் என்னை அண்ணே என்பாள்.

சின்னச் சின்னக் கோளாறுக்கெல்லாம் வயல்வெளியைத் தாண்டி வண்டி ஓட்ட முடியாது. அதனால் கடையில் இருந்தபடியே அவள் கம்ப்யூட்டரைத் திறந்து சரிபார்க்க ஒரு புரோகிராம் போட்டேன். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். வேலை முடிந்ததும் எடுத்துவிடுவதாகச் சொன்னேன். எடுக்கவில்லை.

எடுக்காததற்குக் காரணம் அக்கறைதான். மத்தியானச் சாப்பாட்டின்போது அந்த மிஷினின் சூடு எவ்வளவு என்று ஒரு பார்வை பார்ப்பேன். வெயில் காலம், தகர ஷெட்டை ஒட்டிய அறை. டாக்டர் நாடி பிடித்துப் பார்ப்பதில்லையா, அதுபோல. அப்புறம் ஒரு நாள், அறையில் ஜன்னல் திறந்திருக்கிறதா, காற்றோட்டம் எப்படி என்று தெரிந்துகொள்வதற்காகக் கேமராவைத் திறந்தேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்தேன். அவ்வளவுதான்.

மறுநாளும் பார்த்தேன். அப்புறம் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. கடையில் ஆள் இருக்கும்போது பார்க்க முடியாதே என்று, தானாகப் பதிவாகும்படி செய்தேன். நீங்கள் நினைக்கிற அசிங்கம் எதுவும் அதில் இல்லை, வேண்டுமானால் போட்டுப் பாருங்கள். அவள் தலை வாருவது, மாமியாரிடம் திட்டு வாங்கிவிட்டு வந்து சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பது, புருஷனோடு பேசுவது. ஒரு வீடு. அவ்வளவுதான்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. ஓயாமல் படம் பிடித்து அனுப்பும் கம்ப்யூட்டர் சூடாகும். சூடானால் ஃபேன் வேகமெடுக்கும். ஃபேனுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. ஒரு நாள் போன் பண்ணினாள்.

“அண்ணே, நான் ஒண்ணுமே பண்ணாம சும்மா இருக்கும்போதும் அது கத்துதுண்ணே. ஆஃப் பண்ணி வச்சாலும் தொட்டுப்பாத்தா முதுகு வெதுவெதுன்னு இருக்கு.”

கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். நான் செய்து வைத்திருந்த ஏற்பாட்டில், அவள் அணைத்தாலும் திரைதான் இருண்டுபோகும், மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். “தூசியா இருக்கும் தங்கச்சி, வந்து பாக்குறேன்” என்றேன்.

நான் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை அதுதான். உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் ஊதி எடுத்தேன். சிப்பின் சூட்டை இழுக்கிற பசையைப் புதிதாகத் தடவினேன். கத்துகிற சின்ன ஃபேன்களைக் கழற்றிவிட்டு, மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன்களைப் போட்டேன். அதிர்வு கேட்காதபடி காலுக்கு ரப்பர் வைத்தேன். கேபினெட் என்கிற அந்த இரும்புப் பெட்டியை மேசைக்கு அடியில் மூலையில், சுவரிலிருந்த சுவிட்சை மறைக்கிற மாதிரித் தள்ளிவைத்து, சுடுகாற்று ஜன்னல் வழியே போக வழி செய்தேன். முடித்துவிட்டுப் போட்டுக் காட்டினேன். அவள் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“சத்தமே இல்லண்ணே.”

அந்தச் சிரிப்புக்காகக் கூலிகூட வாங்கவில்லை. அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது.

ஆனால் அவள் பயப்பட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இதை நான் எதிர்பார்க்கவில்லை. அறைக்குள் வரும்போதே தயங்கி வருவாள். கேமரா பக்கம் முதுகு காட்ட மாட்டாள். உடை மாற்ற இன்னொரு அறைக்குப் போனாள். கூட்டிக்கொண்டிருக்கும்போது சட்டென்று திரும்பிப் பார்ப்பாள், யாரும் இருக்க மாட்டார்கள், துடைப்பத்தைப் பிடித்தபடி அசையாமல் நிற்பாள். அவள் அப்படி நிற்கும்போது கடையில் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் என்னைப் பார்த்தபோது சொன்னாள்.

“அண்ணே, சத்தம் இருந்தப்பவாச்சும் எப்ப ஓடுதுன்னு தெரிஞ்சிச்சு. இப்ப எப்பவுமே ஓடுற மாதிரி இருக்கு. எனக்கு என்னமோ பண்ணுதுண்ணே. அங்கிட்டு யாரோ உக்காந்திருக்க மாதிரியே இருக்கு.”

“தனியா இருக்கீகல்ல, அதான் அப்படித் தோணும்” என்றேன்.

மாமியாரிடம் சொன்னாள். அழகம்மாள் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போட்டு வந்து, எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கிக் குங்குமம் தடவி கேபினெட் மேலேயே வைத்துவிட்டார். சாறு உள்ளே இறங்கினால் போர்டு போய்விடும். கடையிலிருந்து அதைப் பார்த்துத் தவித்துப்போனேன். எடுக்கச் சொல்லவும் வழியில்லை. புருஷனிடம் சொன்னாள். ரகுநாத் அலுத்துக்கொண்டான். “சும்மா வீட்லயே இருந்து மனசு கொழம்பிப் போயிருக்க. லீவுல வாரேன், புதுக்கோட்டையில நல்ல டாக்டரா பாத்துக்கலாம். அதுவரைக்கும் அம்மாவ படுத்தாம இரு” என்றான். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்குப் பைத்தியம் இல்லை, அவள் சொல்வது ஒவ்வொன்றும் உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்த வகையில் அந்த வீட்டில் அவளுக்கு ஆதரவு என்று இருந்தது நான் மட்டும்தான், மேடம்.

அப்புறம்தான் அந்தப் பொட்டு. ஒரு நாள் காலையில் கேமராவைத் திறந்தால் ஒரே இருட்டு. விளிம்பில் மட்டும் மெரூன் நிறத்தில் ஒரு வளையம். நெற்றியில் வைக்கிற ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கேமரா கண்ணில் ஒட்டிவிட்டாள். பாடம் நடத்தும்போது எடுப்பாள், முடிந்ததும் ஒட்டிவிடுவாள். குரல் மட்டும் கேட்கும். நான் பட்ட எரிச்சலைச் சொல்ல முடியாது. இவ்வளவு செய்து கொடுத்தவனுக்கு முகத்தில் கதவைச் சாத்தியது போல இருந்தது.

அந்த எரிச்சல்தான் என்னைக் கெடுத்தது. சர்வீஸ் பார்க்க வேண்டிய நாள் என்று சொல்லிவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். அழகம்மாள் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “மருமக கண்டதையும் நெனச்சுப் பயந்துக்கிட்டு இருக்கா, நல்லா பாத்துக் குடுங்க தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார். கேமராவில் பொட்டு இல்லை. நான் வருகிறேன் என்றதும் எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். கேபினெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் நான் பாட்டுக்குச் சொன்னேன்.

“கேமரால பொட்டெல்லாம் ஒட்டக் கூடாது தங்கச்சி. பசை பிடிச்சா கண்ணு மங்கிப்போகும்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் கை நெற்றிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை. கேமராவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கேமராவைப் பார்த்தாள். அப்புறம் ரொம்ப மெதுவாக, டியூஷன் பிள்ளையிடம் பேசுவது போலச் சொன்னாள்.

“சரிண்ணே. இனிமே ஒட்டல. இருங்க, டீ போட்டுக் கொண்டுட்டு வாரேன்.”

கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அடுப்படியில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, வேறு எதுவும் கேட்கவில்லை. கடை, என் மனைவி செவந்தி, கல்லூரிக்குப் போகும் என் மகள், பஜாரில் என்னைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள் எல்லாரும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள். இன்று சாயந்தரத்துக்குள் அவள் தன் புருஷனிடம் சொல்வாள், நாளை ஸ்டேஷனுக்கு உங்களிடம் வருவாள். ஒரு மனிதன் அந்த நேரத்தில் என்ன பயம் பயந்திருப்பான் என்று நீங்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கேபினெட் என் மடியில் திறந்து கிடந்தது. எந்தக் கரண்ட் வயர் எங்கே போகக் கூடாது என்று தெரிந்தவனுக்கு அதை எங்கே போகவைப்பது என்றும் தெரியும். அவள் வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடக்கிறவள் இல்லை, வீட்டை எப்போதும் ஈரமாகத் துடைத்து வைப்பாள். அந்த இரும்புப் பெட்டியைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு மட்டும்தான் உண்டு. அழகம்மாள் எலுமிச்சம்பழம் வைத்ததோடு சரி, அதற்கப்புறம் அந்தப் பக்கம் வர மாட்டார். அதையும் யோசித்துத்தான் செய்தேன். சம்பந்தமில்லாதவர்களைக் கொல்கிற ஆள் நான் இல்லை.

மூடி போட்டு, மூலையில் தள்ளிவைத்து, பெட்டியில் கை படாமல் ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் எட்டிச் சுவிட்சைத் தட்டிப் போட்டேன். டீ வந்தது. டம்ளர் தட்டில் கடகடவென்று ஆடியது. வாங்கிக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தாள். நான் குறை சொல்லவில்லை. “வாரேன் தங்கச்சி” என்றேன். “வாங்கண்ணே” என்றாள். நான் படியிறங்குவதற்குள் உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

கடைக்கு வந்ததும் திறந்து பார்த்தேன். பொட்டு ஒட்டப்படவில்லை. அவள் அறைக்குள் வந்தாள். அப்போதுதான் துடைத்த தரை, வெறுங்கால். கேமராவுக்கு நேராக, ரொம்பக் கிட்டத்தில் வந்து நின்றாள். அத்தனை நாளில் அவள் என்னை நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான்.

“அண்ணே, நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னு தெரியும். நான் போலீசுக்குப் போகல. எங்க வீட்டுக்காரவுககிட்டயும் சொல்லல. சொன்னா என்னையத்தான் ஏசுவாக. எனக்கு ரொம்பப் பயமா இருக்குண்ணே. இதக் கழட்டி வாசல்ல வச்சிர்றேன். நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க. அதுக்கப்புறம் இங்கிட்டு வராதீங்க. ஒங்க மக மேல சத்தியமா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

நான் அவளை நம்பினேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். அவள் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றையும் நம்பினேன். அவள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

அவள் கைகூப்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு மூலைக்குப் போனாள். அவள் எதிலும் நிதானமானவள். முதலில் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கழற்றலாம் என்று நினைத்திருக்கிறாள். அதை எட்ட வேண்டுமானால் கேபினெட்டில் கை ஊன்றித்தான் குனிய வேண்டும். முந்தானையை இடுப்பில் சொருகினாள். குனிவதற்கு முன் ஒரு தடவை வாசல் பக்கம் காது கொடுத்துக் கேட்டாள். அழகம்மாள் வருகிறாரோ என்று பார்த்திருப்பாள் போல.

நேரம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. அந்த அறையில் நான் பூட்டிக்கொடுத்த ஸ்பீக்கர் இருந்தது. என் மேசையில் மைக் இருந்தது. நான் இங்கிருந்து பேசினால் அந்த நொடியே அங்கே கேட்கும். “தொடாதே” என்று ஒரே ஒரு வார்த்தை போதும். அவள் நின்றிருப்பாள்.

நீங்களும் ஒரு பெண், மேடம், உங்களுக்குப் புரியும். ஆளே இல்லாத அறையில் திடீரென்று ஒரு ஆணின் குரல் கேட்டால் அவள் எப்படிப் பதறிப்போயிருப்பாள்? ஏற்கெனவே அவ்வளவு பயந்திருந்த பெண்ணை மேலும் பயமுறுத்த எனக்கு மனசு வரவில்லை.