சங்கு ஊதும் என்றார்கள்

ஓடுகிறேன். இடுப்பில் சின்னவள். கையில் பெரியவன். முழங்கால் வரை கலங்கல் தண்ணீர். வாழைகள் குலையோடு பெயர்ந்து எங்களைத் தாண்டிப் போகின்றன. ஷெல் குண்டு வருவதற்கு முன் ஒரு கூவல் கேட்கும். இந்த வெள்ளத்துக்கு அது இல்லை. ஒரே உறுமல்.

கரைமேல் நின்று ஒரு வாழைத்தோட்டக்காரர் முகாமைப் பார்த்துக் கத்துகிறார். "அங்கன நிக்காதீங்க வே! ஆறு ஏறுது! ரோட்டுக்கு ஓடுங்க!"

1992, ஐப்பசி. முக்கூடலுக்குக் கீழே, தாமிரபரணிக் கரையில் எங்கள் அகதி முகாம். காலை நேரம். உலையில் அரிசி போட்டிருந்தேன்.

இரண்டு வருடம் முன்புதான் வன்னியிலிருந்து படகேறி வந்தோம். அங்கே எங்களை யாரும் எச்சரித்ததில்லை. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் பதுங்குகுழி. நாய் ஊளையிட்டால்கூட இறங்கிவிடுவோம். அப்படித்தான் பிழைத்தோம்.

முகாமில் அந்தப் பழக்கத்தை விடச் சொன்னார்கள். ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் வந்தது. அரிசி பருப்பு கொடுத்துவிட்டுப் போக வரவில்லை, நாங்கள் போன பிறகும் நிற்கிற அமைப்பை உண்டாக்க வந்தோம் என்றார்கள். வெள்ளக் காப்புக் குழு அமைத்தார்கள். பேட்டரியில் ஊதும் அபாயச் சங்கு வைத்தார்கள். ஒத்திகை நடத்தினார்கள். ஆளாளுக்கு ஓடினால் நெரிசலில் சாவீர்கள், சங்கு ஊதிய பிறகு வரிசையாகக் கிளம்புங்கள் என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. என் கணவர் செல்வராசா தொண்டரானார். மஞ்சள் சட்டை கொடுத்தார்கள். கடைசி ஆளை அனுப்பிவிட்டுத்தான் அவர் கிளம்ப வேண்டும்.

ஆடியில் திட்டம் முடிந்தது. விழா வைத்தார்கள். குழு இனிச் சொந்தக்காலில் நிற்கும் என்று பேசிவிட்டுப் போனார்கள். அதன்பின் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. குழுத் தலைவர் உள்ளூர் வியாபாரி, அண்ணாச்சி என்போம். சங்கின் பேட்டரியைக் கழற்றித் தன் லாரியில் மாட்டிக்கொண்டார். எங்களிடம் சொல்லவில்லை; வெள்ளத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெள்ளத்தன்று காலை தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டது. ஓடுவோம் என்றேன். முகாமே சங்குச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. ஷெல்லுக்கு முந்தி ஓடிய சனம்.

"சங்கு இன்னும் ஊதேல்லை. நீ பிள்ளையளோட போ. நான் ஆக்களை அனுப்பிப்போட்டு வாறன்" என்றார் அவர்.

வரவில்லை.

வெள்ளம் வடிந்ததும் அந்த உதவி நிறுவனத்தின் ஜீப் வந்தது. குழு எப்படிச் செயல்பட்டது என்று கேட்டார்கள். பேட்டரியைச் சொன்னேன். அது உள்ளூர்ப் பொறுப்பு என்றார்கள். அண்ணாச்சியிடம் போய் நின்றேன். "அவுக போனதும் எல்லாம் முடிஞ்சுதுன்னுல்லா நெனச்சேன்" என்றார்.

குண்டு போட்டவனை நான் நம்பியதில்லை. இவர்களை நம்பினேன்.

போனவை: ஆற்றோர வரிசைக் குடிசைகள் அத்தனையும். படகில் கொண்டுவந்த என் தையல் மெஷின்.

போனவர்கள்: நடக்கமாட்டாத இரண்டு பேர். இன்னும் பெயர் வைக்காத ஒரு குழந்தை, அதன் தாய். என் செல்வராசா, வயது முப்பத்து நான்கு.

வன்னியில், குண்டு விழுந்த காலம் முழுவதும், எங்கள் வீட்டில் ஒருவரும் சாகவில்லை.