கொதிகலன் அறையில் ஒரு சோதனை

இலவசமாகக் கிடைப்பதன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, ஐயா. கோயில் அன்னதானத்தில் முதல் பந்தியில் உட்காருகிறவன் நான். ஆனால் சாப்பாடு வேறு, தொழில் வேறு.

நியாலாஸ் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் பல வருடமாகக் கருவிகளைப் பார்த்துக்கொள்வது நான்தான். கொதிகலனில் தண்ணீர் குறைந்தால் மணியடிக்க வைக்கும் மென்பொருளை, என் சொல்லை நம்பித்தான் கம்பெனி விலைக்கு வாங்கியது. தொண்ணூற்றெட்டில் ரிங்கிட் மதிப்பு விழுந்ததும், அதற்கு வருடாவருடம் டாலரில் பணம் கட்ட முடியாது என்று மேனேஜர் கிளாரன்ஸ் அதை நிறுத்திவிட்டார். புதிதாக வேலைக்கு வந்த தேவமலர், லினக்ஸ் என்று எதையோ ஒரு பழைய கணினியில் ஏற்றி, அதே மணியை அடிக்க வைத்தாள். ஓசியில்.

"நாளைக்குப் பழுதானா யாரக் கேக்கறது?" என்றேன்.

"யாரையும் கேக்க வேணாம்ணே. புரோகிராம் எழுதினது எல்லாம் தொறந்துதான் இருக்கு. நீங்களே பாத்து சரி பண்ணலாம் லா" என்றாள்.

பார்த்தேன். வாரக்கணக்கில் பார்த்தேன். ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை. அந்த எரிச்சலைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. மேனேஜர் என்னைத் தாண்டிப் போய் அவளிடம் பேச ஆரம்பித்தார். கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் மருதமுத்து அண்ணன், கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்ப்பதையே விட்டுவிட்டார். "மணிதான் இருக்குதே தம்பி, நம்ம பொண்ணு செஞ்சது" என்பார். பழைய அபாயச் சங்கு எப்போதோ செத்துவிட்டது. இருந்தது இந்த மணி ஒன்றுதான். இப்படி நம்புவது தப்பு என்று யாராவது காட்ட வேண்டாமா?

அதனால் மணிக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டேன். மணி அடிக்காது, நாலு பேர் கேள்வி கேட்பார்கள், பழைய மென்பொருள் திரும்பி வரும். என் எண்ணம் அவ்வளவுதான்.

அன்று காலை கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு நின்றது. தண்ணீர் இறங்கியது. கணினித் திரை உடனே சிவந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மருதமுத்து அண்ணன் கொதிகலன் ஓரத்து பெஞ்சில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கொதிகலனின் நீராவிக் குழாய் வெடித்தது. நீராவி அவரை என்ன செய்தது என்று விசாரணைக்கு வந்தபோது நீங்களே பார்த்தீர்கள்.

பிறகாவது திருந்தினார்களா? மேனேஜர் திரையைப் பார்த்துவிட்டு, "புரோகிராம் ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு, ஒயர்தான் கழண்டிருக்கு" என்கிறார். ரெம்பியா பக்கத்து ஆலையிலும் அதையே வைக்கப் போகிறார்களாம். ஒரு மனிதன் செத்தும் இவர்களுக்குப் புத்தி வரவில்லை.

நான் கத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கூப்பிடு தூரம்தான். நேரமும் இருந்தது. ஆனால் நான் கூப்பிட்டு, அவர் எழுந்து ஓடிப் பிழைத்திருந்தால், அந்தப் புண்ணியத்தையும் ஓசி மென்பொருளின் கணக்கில்தான் சேர்த்திருப்பார்கள். சோதனை என்றால் நடுவில் யாரும் கை வைக்கக் கூடாது, ஐயா.