கழற்றி வைத்த ஹாரன்

கரண்ட் போனால் போகட்டும், விடுங்கள். டிப்போ ஓய்வறையில் பத்து டிரைவர்கள் சுருண்டு கிடக்கிறீர்கள். ஒருவனுக்காவது உறைக்கிறதா பார்ப்போம்.

பகல் பன்னிரண்டே கால். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று எவன் சொன்னது? ஆள் நடமாட்டமே இல்லாத சாலை... நடுவில் கேட் இல்லாத ரயில்வே கிராசிங். அங்கே பஸ்ஸை நிறுத்த வேண்டும். கண்டக்டர் இறங்கிப் போய், இரண்டு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, விசில் ஊதினால்தான் பஸ் நகர வேண்டும். சட்டம் அதுதான்.

டிரைவர் என் சகலை. ஒரே வீட்டில் பெண் எடுத்துத் தொலைத்தோம். கண்டக்டர் வயதானவர், ஓய்வுக்கு நாலு மாதம் இருந்தது. நிதானமாகத்தான் நடப்பார். இவனுக்கு அது பொறுக்காது. ஹாரனில் வைத்த கையை எடுக்கமாட்டான்.

"ஊர்வலமா போறீங்க? சீக்கிரம் ஊதுங்கய்யா!"

அன்றைக்கும் அடித்தான்... விடாமல். வளைவில் வந்த ரயிலின் சத்தம் அதில் அமுங்கிப்போனது. தண்டவாளத்தில் நின்ற பெரியவர் எரிச்சலோடு பஸ் பக்கம் திரும்பி, 'நிறுத்து' என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான்.

விசாரணையில் என்ன சொன்னான் தெரியுமா? "ஹாரன் அடிச்சு எச்சரிச்சேன் சார்." பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள்! என்னிடம் மட்டும் குடித்துவிட்டு உண்மையைச் சொன்னான். கொழுந்தியாளும் குழந்தையும் தெருவில் நிற்பார்களே என்று நான் வாயைத் திறக்கவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தக் கடிதம் வந்த பத்தாம் நாள் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு ஓடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, கிராசிங் வந்தாலே ஹாரன் தானா அடிக்குது. கழட்டிடுங்கண்ணே."

சோதித்தேன். எங்கேயும் பழுது இல்லை. ஆனாலும் கழற்றினேன். பட்டன், வயர், ஹாரன்... எல்லாவற்றையும் சாக்கில் கட்டி என் பெஞ்சுக்கு அடியில் போட்டேன். ஹாரன் இல்லாத பஸ்ஸை ரோட்டுக்கு அனுப்பியவன் நான்தான். முறைக்காதீர்கள்.

அதற்குப் பிறகு ஆள் திருந்திவிட்டான். கண்டக்டரை அனுப்பாமல் தானே இறங்கிப் போய்ப் பார்ப்பான்.

போன மாதம். அதே பன்னிரண்டே கால். காலி பஸ்ஸோடு தனியாக டிப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். கிராசிங்கில் நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். இறங்கித் தண்டவாளத்துக்குப் போனான். அவனை அடித்த ரயிலின் டிரைவர் சொன்னது இது:

"நான் ஹாரன் அடிச்சுக்கிட்டேதான் வந்தேன். நின்ன பஸ்ஸு அதைவிடச் சத்தமா அடிச்சுது... நிறுத்தவே இல்ல. அந்த ஆளு பஸ்ஸைப் பாத்துத் திரும்பி, கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே நின்னாரு."

பஸ்ஸில் யாரும் இல்லை.

செய்தி வந்ததும் பெஞ்சுக்கு அடியில் குனிந்தேன். சாக்கு கருகும் வாசனை. உள்ளே கையை விட்டு ஹாரனைத் தொட்டேன்...

டேய், டார்ச்சை இப்படிக் காட்டு. பாருங்கள் என் உள்ளங்கையை. ஒரு மாதம் ஆகிறது, கொப்புளம் ஆறவில்லை. தினமும் பன்னிரண்டே காலுக்குப் புதிதாகச் சுடுகிறது.