புடவையில் இருந்த ரத்தம் என்னுடையதல்ல

என் பெயரும் தகப்பனார் பெயரும் முகவரியும் இந்தக் கோப்பின் மேலுறையில் எழுதியிருப்பது சரி. வயது எழுபத்து மூன்று. கணவர் காலமாகிவிட்டார். கான்வென்ட்டில் படித்தவள். தொழில் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதப்பட்டிருந்தது. தையல் நிலையம் நடத்துபவர் என்று திருத்தச் சொன்னேன்; திருத்தப்பட்டது. இந்த வாக்குமூலம் மருத்துவமனை அறையில் பதிவாகிறது. படுத்தபடியே சொல்லலாம் என்று அதிகாரி சொன்னார். நான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறேன். என் புத்தி தெளிவாக இருப்பதாக மருத்துவர் சான்று கொடுத்திருக்கிறார். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தால் கேட்கிற வழக்கமும் எனக்கு இல்லை.

என் மகன் கொடுத்த புகாரின்பேரில் நேற்று மாலையிலிருந்து காவல் நிலையத்தில் வைக்கப்பட்டிருக்கும் மேஸ்திரி, என் வீட்டை ஒட்டிய காலி மனையில் எனக்குத் தகரக் கூடம் கட்டிக்கொடுத்தவர். அவர் சுவரை வெட்டி உள்ளே நுழைந்து என்னைக் காயப்படுத்தினார் என்பது புகார். அது உண்மையல்ல. அவரை விடுவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பள்ளிச் சீருடையும் மருத்துவமனைப் படுக்கை விரிப்பும் என் நிலையத்தில் தைக்கிறோம். நிலையம் இருக்கும் வாடகைக் கட்டடத்தை இடிக்கப்போவதாக அதன் உரிமையாளர் சொன்னதால், என் மனையிலேயே இரும்புத் தூண் நிறுத்தித் தகரம் போட்டுக் கூடம் கட்டத் தீர்மானித்தேன். வேறு ஊரில் இருக்கும் என் மகன், மனையை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னான். “இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி?” என்றான். “குந்தித் தின்னா குன்றும் மாளும்டா” என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு வேலை தெரிந்தவர்கள் சிலரை வரவழைத்து மனையைக் காட்டினேன். எல்லோரும் எத்தனை சதுர அடி என்று கேட்டார்கள். இந்த மேஸ்திரி மட்டும், “தையல் மிஷினெல்லாம் எந்தப் பக்கம் பார்த்து இருக்கும்மா? வெளிச்சம் ஊசி மேல விழணுமில்ல?” என்று கேட்டார். வேலையை அவரிடம் ஒப்படைத்தேன்.

அதன் பிறகு வரைபடம் போட்டு அனுமதி வாங்கி, கயிறு கட்டிச் சுண்ணாம்பால் தரையில் அளவு குறித்து, குழி தோண்டி, தூண்களுக்கான போல்ட்டுகளைக் கான்கிரீட்டில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நான் நேரில் நின்று, கோணல் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் என்னையே ‘ரசமட்டம்’ என்று அழைத்தது எனக்குத் தெரியும். அதில் எனக்குக் குறையில்லை. கோணலாக இருந்ததால் வைத்த பெயரல்லவே.

ஒரு காலையில் போனபோது மேஸ்திரி ஒரு குழியின் கான்கிரீட்டைத் தானே உடைத்துக்கொண்டிருந்தார். போல்ட் ஒரு விரற்கடை விலகிவிட்டதாம். “நான் ஒண்ணுமே சொல்லலையே மேஸ்திரி” என்றேன். “நீங்க வந்து சொல்றதுக்குள்ள உடைச்சுட்டா மானம் மிச்சம்மா” என்றார். அன்றிலிருந்து நான் அவரிடம் எதையும் இரண்டு முறை சொன்னதில்லை. ஒரு முறை சொன்னதை நீளமாகச் சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகு தூண்களை நிறுத்தி, மேலே சட்டங்களை ஏற்றி, கூரைக்கும் சுவருக்கும் தகரம் மாட்டினார்கள். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு ஒழுகினாலும் கறை என்பதால், தகரத்தின்மேல் தகரம் ஏறும் இடத்திலெல்லாம் நெருக்கமாக ரிவெட் அடித்துப் பசை போடச் சொன்னேன். “என்னம்மா, இதைக் கடல்ல விடப்போறீங்களா?” என்று மேஸ்திரி கேட்டார். ஆனால் செய்தார்.

வேலை முடிந்து, நேற்று கூரையைச் சோதிக்க வேண்டியிருந்தது. உள்ளே முழு இருட்டாக்கி அண்ணாந்து பார்த்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். மேஸ்திரிகள் எல்லோரும் செய்வது இதுதான். எனக்கும் இது புதிதல்ல. பள்ளியில் எங்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்த கன்னியாஸ்திரி, துணியை வெயிலுக்கு நேரே பிடித்துத்தான் மதிப்பெண் போடுவார்.

“காலையில பார்த்துக்கலாம்மா, இப்ப தகரம் கொதிக்கும்” என்றார் மேஸ்திரி. வெயில் உச்சியில் இருக்கும்போது பார்ப்பதுதான் சோதனை என்று சொல்லி, நானே உள்ளே போனேன். சன்னல்களை வெளியிலிருந்து பலகையால் அடைத்து, ஷட்டரை இறக்கியது என் உத்தரவின்படிதான். ஷட்டர் அவர் செய்ததல்ல, நான் தேர்ந்தெடுத்து வாங்கியது. மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அவர் போகவில்லை. வெளியில் நின்றுகொண்டு, “அம்மா?” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நானும், “இருக்கேன், இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே, கண்ட ஓட்டைகளுக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் குறியிட்டேன்.

அதன் பிறகு திறக்கச் சொன்னேன். ஷட்டர் எங்கோ சிக்கிக்கொண்டு அசையவில்லை. அதற்குள் எனக்கு நா வறண்டு, கால்கள் தளர்ந்து, தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சன்னல் பலகையைப் பிடுங்கிப் பார்த்தார். கம்பி போட்ட சன்னல். கை வருமே தவிர ஆள் வர முடியாது. தண்ணீர்ப் பாட்டிலை உள்ளே உருட்டிவிட்டார். அது என் பக்கத்தில் வந்து நின்றும் எட்டி எடுக்க என்னால் ஆகவில்லை.

திருகாணிகளைக் கழற்றித் தகரத்தை எடுத்திருக்கலாமே, ஏன் வெட்டினார் என்று அதிகாரி கேட்டார். நல்ல கேள்வி. கீழே இருந்த திருகாணிகளை அவர் கழற்றினார். உச்சிவரை போக ஏணி வேண்டும். சாரத்தை முதல் நாளே பிரித்து அனுப்பியாகிவிட்டது. தவிர, நான் அடிக்கச் சொன்ன ரிவெட்டும் போடச் சொன்ன பசையும் தகரத்தை விடவில்லை. மின்சார கிரைண்டரால் நொடியில் அறுத்திருக்கலாம். ஆனால் நான் ஆசைப்பட்டு முன்கூட்டியே கொண்டுவந்து அடுக்கிய துணிக் கட்டுகள் உள்ளே இருந்தன. பொறி பறந்தால் தீ. அதனால் தகரம் வெட்டும் கைக்கத்தரியால் வெட்டினார்.

வெட்டும் சத்தம் கேட்டு நான், “முன்பக்கம் வேண்டாம் மேஸ்திரி, பின்பக்கமா வெட்டுங்க” என்றேனாம். எனக்கு நினைவில்லை, ஆனால் நான் சொல்லக்கூடியதுதான். “உசுரோட வெளிய வாங்கம்மா, எந்தப் பக்கம்னு அப்புறமா சண்டை போடுவோம்!” என்று அவர் கத்தியது நன்றாக நினைவிருக்கிறது.

அதன் பிறகு, வெட்டிய தகரத்தை அவர் வெறும் கையால் மடக்கித் திறந்தார். வெட்டிய தகரத்தின் ஓரம் கத்தி போலிருக்கும் என்று அவருக்குத் தெரியாததல்ல. கையுறை தேடப் போகவில்லை. உள்ளங்கை கிழிந்த அதே கையால் என்னைத் தூக்கி வெளியே கொண்டுவந்து நிழலில் கிடத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்தார். காவல்துறை கைப்பற்றியிருக்கும் என் புடவையில் உள்ள ரத்தம் முழுவதும் அவருடையது. என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பக்கத்து வீட்டு மருமகள் அப்போது எடுத்த படத்தைத்தான் என் மகனுக்கு அனுப்பியிருக்கிறாள். அதைப் பார்த்தவுடன் அவன் ஃபோனிலேயே புகார் கொடுத்துவிட்டு வண்டி ஏறியிருக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. பெற்றவள் ரத்தத்தில் கிடப்பதைப் பார்த்த பிள்ளை நிதானமாக யோசித்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன். ஆனால் அந்தப் பதற்றத்துக்கு இன்னொருவர் தையல் போட்ட கையோடு காவல் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

நான் எளிதில் நன்றி சொல்கிறவள் இல்லை. கட்டட வேலை நடந்த நாளெல்லாம் அவரிடம் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், அதை இந்த வாக்குமூலத்தில் எழுத இடமில்லை என்று அதிகாரி சொன்னாலும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கூடத்தை நேராகக் கட்டியதற்கும், அதைக் கிழித்ததற்கும் அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இதுவரை எழுதியதை அதிகாரி சத்தமாக வாசித்தார். கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மகன், “உன் ரத்தம்னு நெனச்சேம்மா” என்றான். பிறகு அதிகாரியிடம் வந்து, “சாட்சிக் கையெழுத்து நான் போடலாமா சார்?” என்று கேட்டான். “புகார் குடுத்தவரே நீங்கதானே?” என்றார் அதிகாரி. “அதனாலதான் சார் கேக்குறேன்” என்றான். இதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

மேலே உள்ளவை என் வாயால் சொல்லி எழுதப்பட்டவை. வாசிக்கக் கேட்டதோடு நில்லாமல், கண்ணாடி போட்டு நானே ஒரு முறை படித்துப் பார்த்தேன். எல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கிறது.

(கையொப்பம்)
தையல் நிலையம் நடத்துபவர்

சாட்சி: (கையொப்பம்)
மேற்படியாரின் மகன், புகார்தாரர்